காட்டுப் பாதை யாருடையது?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டவுடன் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். பொதுக் காட்டுக்குள் மலைச் சைக்கிள் ஓட்டுவதற்குப் புதிய பாதை வெட்டுவதைப் பற்றிய பேச்சு இது. "பஞ்சப்படி பற்றிப் பேசலாம், கூலி பற்றிப் பேசலாம். மலையில் சைக்கிள் விடுவதைப் பற்றி நமக்கு என்ன பேச்சு?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

சைக்கிள் நமக்கு அன்னியப் பொருள் அல்ல. முதல் ஷிப்டுச் சங்கு ஊதுவதற்குள் நம்மை மில் வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான். தீவனக் கட்டையும் நெல் மூட்டையையும் கேரியரில் சுமந்ததும் அதுதான். இன்று நம்மில் பலர் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டோம். ஆனாலும் அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகாதவர் இங்கே எத்தனை பேர்? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சைக்கிள் நம்மை எங்கே கொண்டுபோயிற்று? வேலைக்கு, வேலையிலிருந்து வீட்டுக்கு. ஓய்வு நாளில், மனம் போன போக்கில், மரங்களுக்கு நடுவே அதே சைக்கிளை விட்டுக்கொண்டு போகும் உரிமை உழைப்பாளிக்கு உண்டா? உண்டு என்றால், அது எப்படிக் கிடைத்தது? கிடைத்தது நிலைக்குமா? இதுதான் இன்றைய விஷயம்.

இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் பிரிட்டன், குறிப்பாக வேல்ஸ். உலகத்திலேயே முதலில் முதலாளித்துவம் வளர்ந்த நாடு அது. நிலக்கரிச் சுரங்கத்தில் பரம்பரை பரம்பரையாக உழன்ற மக்களின் பூமி வேல்ஸ். அங்கேதான் பொதுக் காட்டில் சைக்கிள் தடம் வெட்டும் வேலை பெரிய அளவில் நடந்தது. அந்த வரலாற்றில் நமக்குப் பாடம் இருக்கிறது.

முதலில் காட்டின் கதையைப் பார்ப்போம்.

முதல் உலக யுத்தத்தின்போது பிரிட்டனுக்கு மரத்தட்டுப்பாடு வந்தது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் மரம் வருவது ஆபத்தாகிவிட்டது. மரம் எதற்கு? பதுங்கு குழிக்கு வேண்டும்; அதைவிட முக்கியமாக, சுரங்கத்துக்கு வேண்டும். பூமிக்கு அடியில் கூரை இடிந்து விழாமல் தாங்கி நிற்பது மர முட்டு. முட்டு இல்லாமல் நிலக்கரி இல்லை. நிலக்கரி இல்லாமல் ஆலை இல்லை, ரயில் இல்லை, யுத்தக் கப்பல் இல்லை. ஆகவே 1919-ஆம் வருஷம் அரசாங்கம் ஒரு வனக் கமிஷனை நிறுவிற்று. நிலத்தை வாங்கி, ஸ்புரூஸ், லார்ச் போன்ற வேகமாக வளரும் ஊசியிலை மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். தெற்கு வேல்ஸில் அவான் ஆற்றுப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே பள்ளத்தில் சுரங்கம், மேட்டில் காடு.

ஆக, இது தானாக முளைத்த காடு அல்ல தோழர்களே! கூலிக்காரர்கள் குழி தோண்டி நட்ட காடு. பொதுப்பணத்தில், பொது நிலத்தில் வளர்ந்த காடு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் அந்த நாட்டின் மலைகளில் சாமானிய மனிதன் சுதந்திரமாக நடக்க முடிந்ததா? இல்லை. மான்செஸ்டர் நகரத்துப் பஞ்சாலைத் தொழிலாளிக்கும் இயந்திரத் தொழிலாளிக்கும் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் மலை இருந்தது; காலுக்கு எட்டவில்லை. கின்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்தில் பிரபுக்களும் பணக்காரர்களும் வருஷத்தில் சில நாள் பறவை வேட்டையாடுவார்கள். அதற்காக வருஷம் முழுவதும் காவலாள் போட்டு, மற்றவர்களை விரட்டினார்கள்.

1932-ஆம் வருஷம் ஏப்ரல் 24-ஆம் தேதி, சில நூறு இளைஞர்கள் அந்த மலைமேல் ஏறினார்கள். முன்னால் நின்றவர் பென்னி ரோத்மன். அவருக்கு அப்போது வயது 20. இளம் கம்யூனிஸ்ட் லீக்கைச் சேர்ந்தவர். மான்செஸ்டர் ரயில் நிலையத்தில் போலீசார் காத்திருந்தார்கள். ரோத்மன் சைக்கிளில் ஏறி மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்! மேலே காவலாட்களோடு கைகலப்பு நடந்தது. ஐந்து பேருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை. ரோத்மனுக்கு நான்கு மாதம். குற்றம் என்ன? புல்லும் பாறையும் நிறைந்த ஒரு மலையில் கலவரம் செய்தார்கள் என்பது.

அந்தத் தண்டனைதான் நாட்டை உலுக்கிற்று. யுத்தம் முடிந்து தொழிற்கட்சி அரசாங்கம் வந்த பிறகு, 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கும் கிராமப்புறத்தில் மக்கள் நடமாடுவதற்கும் வழி செய்யும் சட்டம் நிறைவேறிற்று. 1968-இல் வந்த இன்னொரு சட்டம், குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையைக் கொடுத்தது. 2000-ஆம் வருஷச் சட்டம் மேட்டு நிலங்களில் நடந்து திரியும் உரிமையைக் கொடுத்தது. ஆனால் நடப்பவருக்கு மட்டும், சைக்கிளுக்கு அல்ல. ஸ்காட்லாந்தில் மட்டும் 2003-ஆம் வருஷச் சட்டம் பொறுப்போடு நடந்துகொள்ளும் சைக்கிள்காரருக்கும் பெரும்பாலான நிலங்களில் போகும் உரிமையை ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு அடியும் வாதாடிப் பெற்றது. எந்தப் பிரபுவும் தானாக வந்து கதவைத் திறந்துவிடவில்லை.

இனி மலைச் சைக்கிளின் கதையைச் சொல்வோம். 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டமல்பாயிஸ் என்ற மலையில் சில இளைஞர்கள் பழைய கனமான சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, பருத்த டயர் போட்டு, மண் சாலையில் இறக்கி விளையாடினார்கள். பிறகு கியர் மாட்டினார்கள். நல்ல பிரேக் மாட்டினார்கள். அவர்கள் பட்டறையில் தட்டிக் கொட்டிச் செய்ததைக் கம்பெனிகள் 1980-களில் ஆயிரக்கணக்கில் செய்து விற்கத் தொடங்கின. அந்தச் சைக்கிள் கடல் கடந்து பிரிட்டனுக்கும் வந்தது.

வந்ததும் தகராறும் வந்தது. நடப்பவர் ஒரு பக்கம், குதிரைக்காரர் ஒரு பக்கம், சைக்கிள்காரர் ஒரு பக்கம். ஒரே பாதையில் மூவரும் மோதிக்கொண்டார்கள். சிலர் காட்டுக்குள் தாங்களே கண்ட இடத்தில் தடம் போட்டார்கள், மண் அரித்தது. "சைக்கிளே வேண்டாம், தடை செய்" என்ற குரலும் எழுந்தது.

அப்போதுதான் வடக்கு வேல்ஸில் கோய்ட் அ பிரெனின் என்ற பொதுக் காட்டில் வேறு வழி காட்டினார்கள். அந்தப் பெயருக்கு அரசனின் காடு என்று பொருள். ஒரு பெரிய பண்ணைக் குடும்பத்தின் நிலத்தை வனக் கமிஷன் 1922-இல் வாங்கி மரம் நட்ட இடம் அது. அரசனுடைய வெள்ளிவிழாவுக்காக 1935-இல் இந்தப் பெயர் வைத்தார்கள். பெயரில்தான் அரசன், நிலம் பொது நிலம். 1990-களில் அங்கே வனத்துறை ஊழியரான டாவித் டேவிஸ் என்பவர், உள்ளூர்த் தொண்டர்களையும் சேர்த்துக்கொண்டு, மலைச் சைக்கிளுக்கென்றே திட்டமிட்டு ஒற்றையடிப் பாதை வெட்டினார். பிரிட்டனில் இத்தகைய முயற்சிகளுக்கு முன்னோடி அது. சைக்கிளுக்குத் தனித் தடம் வந்ததும் மோதல் குறைந்தது.

இங்கே விவசாயத் தொழிலாளத் தோழர்களை ஒரு கேள்வி கேட்கிறோம். சரிவான நிலத்தில் மேலிருந்து கீழே நேராக ஒரு வாய்க்கால் கிழித்தால் என்ன ஆகும்? முதல் மழையிலேயே மண்ணை வாரிக்கொண்டு போய்விடும். இதை உங்களுக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. வரப்பு வெட்டிய கை அறியும். காட்டுத் தடம் வெட்டும் வித்தையும் இதுதான். தடத்துக்கு முதல் எதிரி சைக்கிள் டயர் அல்ல, தண்ணீர்!

ஆகவே தடத்தை நேர்கீழாக விடாமல், மலையின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுபோகிறார்கள். மலைச்சரிவு எவ்வளவோ, அதில் பாதிக்கு மேல் தடம் சரியக்கூடாது என்பது ஒரு கணக்கு. சராசரியாக 100 அடிக்கு 10 அடி இறக்கத்துக்குள் வைத்துக்கொள்வது இன்னொரு கணக்கு. தடத்தின் வெளிப்புறத்தைச் சிறிது தாழ்த்துகிறார்கள். தண்ணீர் தடத்தோடு ஓடாமல் குறுக்கே வடிந்துவிடும். நீண்ட இறக்கத்தில் இடையிடையே சிறு ஏற்றம் வைக்கிறார்கள். ஓடி வந்த தண்ணீர் அந்தப் பள்ளத்தில் நின்று வெளியேறும். மடை திருப்புகிற அதே புத்திதான்.

மேல்மண்ணில் இலைச் சருகும் வேரும் கலந்திருக்கும்; ஈரம் பட்டால் சேறாகிவிடும். அதை வழித்து ஒதுக்கி, கெட்டி மண் தென்படும் வரை சரிவை வெட்டி, படி போல அமைத்து அதன்மேல் தடம் போடுகிறார்கள். நீர் ஊறும் இடத்தில் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி நெருக்கி அடுக்குகிறார்கள். வளைவில் வெளிப்பக்கம் கரை உயர்த்துகிறார்கள். பெரிய வேலையை மண் அள்ளும் சிறு இயந்திரம் செய்யும். மீதியைக் கடப்பாரையும் மண்வெட்டியும் பிக்காசும் செய்ய வேண்டும். பிறகு தடத்துக்குத் தடம் நிறம் குறிக்கிறார்கள். பச்சை எளிது, நீலம் நடுத்தரம், சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம். புதிதாகப் பழகுகிறவர் தெரியாமல் கறுப்பில் இறங்கி எலும்பை முறித்துக்கொள்ளக்கூடாது அல்லவா?

அத்தோடு முடிந்ததா? இல்லை. பறவைகள் கூடு கட்டும் காலத்தில் வேலையை நிறுத்த வேண்டும். மரம் வெட்டும் பகுதியில் தடத்தை மூடி, மாற்று வழி விட வேண்டும். ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் வடிகாலில் அடைத்த சருகை வாரவேண்டும். பெயர்ந்த கல்லைத் திரும்ப அடுக்க வேண்டும். வெட்டுவது ஒரு முறை, காப்பாற்றுவது தினமும். திறப்பு விழாவில் நாடாவை வெட்டியவர் பெயர் கல்வெட்டில் இருக்கும். சருகு வாரியவர் பெயர் எங்கே இருக்கிறது?

இப்போது அவான் பள்ளத்தாக்குக்கு வருவோம்.

அங்கே சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கிளின்கோருக் என்ற கிராமத்துச் சுரங்கம் 1970-இல் மூடியது. ரயில் நின்றது. 1984-85-இல் சுரங்கத் தொழிலாளர்கள் ஓராண்டு காலம் நடத்திய மாபெரும் வேலைநிறுத்தம் தோற்கடிக்கப்பட்ட பிறகு, தெற்கு வேல்ஸ் முழுவதும் மிச்சமிருந்த சுரங்கங்களுக்கும் பூட்டு விழுந்தது. முட்டுக்காக நட்ட மரங்கள் வளர்ந்து நின்றன. முட்டுக் கொடுக்கச் சுரங்கம் இல்லை!

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் காட்டில் சைக்கிள் தடங்கள் வெட்டப்பட்டன. பழைய ரயில் பாதையும் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமான வழியாயிற்று. ஒரு தடத்துக்கு 'வைட்ஸ் லெவல்' என்று பெயர். 'லெவல்' என்பது மலைச்சரிவில் பக்கவாட்டாகக் குடைந்த சுரங்க வாய்க்கு அங்கே வழங்கும் சொல். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு சைக்கிளில் பறக்கிறார்கள். அந்த மலைக்குள் எத்தனை பேருடைய மூச்சு அடங்கிற்று என்பதை ஊர்க்காரர்கள் அறிவார்கள்.

தடம் வந்ததால் ஊருக்கு நன்மை உண்டா? உண்டு, மறுக்கக்கூடாது. டீக்கடை, தங்கும் விடுதி, சைக்கிள் பழுது பார்க்கும் கடை வந்தன. உள்ளூர்ப் பையன்களுக்கு விளையாட இடம் கிடைத்தது. ஆனால் சுரங்கம் கொடுத்த வேலையைத் தடம் கொடுத்துவிடுமா? கொடுக்காது. அந்த அவான் ஆறு கடலில் கலக்கும் இடம் போர்ட் டால்பட். அங்கே நம் நாட்டு டாட்டா கம்பெனியின் இரும்பாலை இருக்கிறது. 2024 செப்டம்பர் 30-இல் அதன் கடைசி ஊதுலை அணைக்கப்பட்டது. அந்த ஊரில் ஏறக்குறைய 2,000 வேலைகள் போகும் என்று கணக்கிட்டார்கள். 2,000 பேருக்கு டீக்கடை வைத்துக் கொடுக்க முடியுமா? "ஆலை போனால் என்ன, உல்லாசப் பிரயாணிகள் வருவார்களே!" என்று யாராவது சொன்னால், அது ஏமாற்றுப் பேச்சு. தடம் வேண்டும், ஆனால் தடம் வேலைக்கு மாற்று அல்ல.

இனி அபாயம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, இயற்கை. 2010-இல் தெற்கு வேல்ஸின் லார்ச் மரங்களில் ஒரு கொள்ளை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. நோய் பரவாமலிருக்க மரங்களைக் கூட்டம் கூட்டமாக வெட்டிச் சாய்த்தார்கள். அவான் காட்டில் தடங்கள் மூடப்பட்டன, சில திருப்பிவிடப்பட்டன. நிழலில் ஓடிய தடம் வெட்டவெளியாயிற்று. ஒரே இன மரத்தை வரிசையாக நட்டதற்கு விலை இது. ஒரே பயிரை நம்பி மோசம் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் இந்த அபாயத்தை உழைப்பால் சமாளிக்கலாம். மறுபடி நடலாம், மறுபடி வெட்டலாம்.

இரண்டாவது அபாயம், சர்க்காரின் பணப்பை. 2010-இல் பிரிட்டனில் வந்த கூட்டணி அரசாங்கம், இங்கிலாந்திலுள்ள பொதுக் காடுகளை விற்கவோ நீண்ட காலக் குத்தகைக்கு விடவோ திட்டம் போட்டது. ஏறக்குறைய 2,50,000 ஹெக்டேர்! ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். 5 லட்சத்துக்கு மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். நடப்பவரும் சைக்கிள்காரரும் குதிரைக்காரரும், அதுவரை பாதைக்காகச் சண்டை போட்டவர்கள், ஒரே பக்கம் நின்றார்கள். 2011 பிப்ரவரியில் அரசாங்கம் திட்டத்தை வாபஸ் வாங்கிற்று. மந்திரி மன்னிப்புக் கேட்டார். இது மக்களின் வெற்றி.

ஆனால் விற்காமலேயே கைவிடலாம் அல்லவா? அதைப் பாருங்கள். வேல்ஸில் பொதுக் காட்டைப் பராமரிக்கும் அரசு ஸ்தாபனம், பணம் போதவில்லை என்று சொல்லி, 2025 மார்ச் கடைசியில் மூன்று இடங்களில் வருகையாளர் நிலையத்துக் கடையையும் உணவகத்தையும் மூடியது. அவற்றில் ஒன்று, முன்னோடித் தடம் பிறந்த கோய்ட் அ பிரெனின்! பாதைகளும் வண்டி நிறுத்துமிடமும் திறந்தே இருக்கும் என்று அறிவித்தார்கள். ஊழியர்கள் வேலை இழந்தார்கள். சுற்றுவட்டார மக்கள் கூட்டம் போட்டு ஆட்சேபித்தார்கள். "எங்களிடம் கொடுங்கள், நாங்கள் நடத்துகிறோம்" என்றும் முன்வந்தார்கள்.

இங்கே ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. தொண்டர்கள் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வந்து தடத்தைச் சீர்செய்வது போற்றத்தக்க காரியம். பொதுச் சொத்தைத் தன் சொத்தாக நினைக்கும் மனப்பான்மை அது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு, "இலவசமாகச் செய்ய ஆள் இருக்கிறதே, கூலி கொடுத்து எதற்கு ஆள் வைக்க வேண்டும்?" என்று நிர்வாகம் கணக்குப் போடத் தொடங்கினால்? அப்போது தொண்டரின் நல்ல மனதே தொழிலாளியின் வயிற்றில் அடிக்கும் கருவியாகிவிடும். தொண்டு, கூலி வேலைக்குத் துணையாக இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக வந்துவிடக்கூடாது. இதைத் தொண்டர்களும் சங்கமும் சேர்ந்து உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டும்.

"இது பணக்காரர் விளையாட்டு அல்லவா? ஒரு மலைச் சைக்கிளின் விலையில் ஒரு குடும்பம் பல மாதம் சாப்பிடலாமே" என்று ஒரு தோழர் கேட்கிறார். வாஸ்தவம். கடையில் இருக்கும் விலையுயர்ந்த வண்டி உழைப்பாளிக்கு எட்டாது. ஆனால் மலைச் சைக்கிள் பிறந்தது பழைய இரும்பிலிருந்து என்பதைப் பார்த்தோம். விளையாட்டைப் பணக்காரர்களிடம் விட்டுவிட்டு ஒதுங்குவது தீர்வு அல்ல. நிலம் பொதுவாக இருக்கட்டும். தடத்துக்குக் கட்டணம் இல்லாமல் இருக்கட்டும். ஊரில் வாடகைக்கு நல்ல சைக்கிள் கிடைக்கட்டும். அப்போது சுரங்கத் தொழிலாளியின் பேத்தியும் டாக்டரின் மகனும் ஒரே தடத்தில் ஓட்டலாம். கின்டர் மலையில் சிறை போனவர்கள் கேட்டது இதைத்தான்: ஓய்வும் காற்றும் உழைப்பாளிக்கும் வேண்டும்.

ஆகவே தோழர்களே, பொதுக் காட்டில் புதுத் தடம் வெட்டுகிறார்கள் என்று செய்தி வந்தால், நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

முதல் கேள்வி: நிலம் யாருடையது? இன்று பொது நிலமாக இருப்பது நாளையும் பொது நிலமாக இருக்குமா?

இரண்டாவது கேள்வி: அங்கே போவது உரிமையா, அனுமதியா? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காட்டுக்குள் வெட்டிய சைக்கிள் தடம் பெரும்பாலும் அனுமதியின்பேரில் இருக்கிறது. அனுமதி கொடுத்தவர் திரும்பப் பெறலாம். சட்டத்தில் எழுதிய உரிமையைப் பறிப்பதானால் மக்களுக்கு நடுவே வந்து பறிக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: வெட்டுகிறவர் யார், காப்பவர் யார், அவர்களுக்குக் கூலி என்ன? இந்தக் கேள்விக்கு விடை இல்லாத திட்டம் நாலு மழைக்குத் தாங்காது.

மரத்தை நட்டது உழைப்பாளி. மரத்தின் முட்டுக்குக் கீழே நிலக்கரி வெட்டியது உழைப்பாளி. மலைக் கதவைத் திறக்கச் சிறை போனது உழைப்பாளி. அந்தக் காட்டில் இன்று கல் அடுக்கித் தடம் போடுவதும் உழைப்பாளி. அப்படியானால் அந்தத் தடத்தில் சைக்கிள் விட முதல் உரிமை யாருக்கு?

அடுத்த முறை மழைக்குப் பின் வரப்பு வெட்டும்போது, மில்லுக்குப் போகும் வழியில் மேட்டில் பெடலை அழுத்தும்போது, இதை ஒரு தரம் நினைத்துப் பாருங்கள். விடை உங்களுக்கே கிடைக்கும்.